கேட்ட கேள்வியைப் பாதியில் விடாதீர்கள்: பின்வரிசை எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மக்களவைக்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கட்சித் தலைவர்களுக்கும் அவைக் குழுத் தலைவர்களுக்கும் மடல் எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். பட்ஜெட் விவாதத்தில் கட்சிக்குக் கிடைத்த நேரத்தை மூத்தவர்கள் பேசி முடித்த பிறகு, மீதமிருக்கும் மூன்று நான்கு நிமிடத்துக்காக இரவு வரை காத்திருக்கிறீர்களே, உங்களுக்கு. எழுந்து இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மணி அடித்துவிடுகிறார்கள். பேசியது செய்தியிலும் வருவதில்லை. தொகுதிக்குத் திரும்பினால், டெல்லியில் போய் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். 2024 தேர்தலில் நாற்பது தொகுதியிலும் ஒரே கூட்டணி வென்றது. நாற்பது பேரும் எதிர்வரிசைக்குத்தான் போனீர்கள். வாக்கெடுப்பில் ஒரு மசோதாவைத் தடுக்கிற எண்ணிக்கை உங்களிடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் எண்ணிக்கையே தேவைப்படாத ஒரு அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அமைச்சரிடம் கேள்வி கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு மேலே போகிற அதிகாரம். அதில் முதல் பாதியைச் செய்கிறீர்கள். இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறீர்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்தது அதைத்தான்.

நான் கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பி.எஃப். பென்ஷன் வாங்குகிறேன். எங்கள் பகுதியில் என்னைப் போன்றவர்களுக்கு உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்வுச் சான்று பதிவு செய்யவும், நின்றுபோன பென்ஷனுக்கு மனு எழுதவும் உதவுகிறேன். மனுவில் சேர்ப்பதற்காகத்தான் நாடாளுமன்றக் கேள்வி பதில்களைப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாமே இருக்கிறது. உறுப்பினர் பெயரைக் கொடுத்தால் அவர் கேட்ட கேள்விகள் வரும், அமைச்சகத்தின் பெயரைக் கொடுத்தால் அது சொன்ன பதில்கள் வரும். உங்களில் பலர் கேட்ட கேள்விகளை நான் வாசித்திருக்கிறேன். அக்கறையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் உரிமையோடு எழுதுகிறேன்.

எங்கள் பென்ஷனையே எடுத்துக்கொள்வோம். ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பரில் வந்தது. அதன் கீழ் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். பஞ்சப்படி கிடையாது. அரிசி, மருந்து, பஸ் டிக்கெட் எல்லாம் ஏறியிருக்கின்றன, பென்ஷன் அங்கேயே நிற்கிறது. தொழிலாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே இந்தத் தொகை கொஞ்சமும் போதாது என்று 2022இல் எழுதியது. தொகையை உயர்த்தும் எண்ணம் இருக்கிறதா என்று கூட்டத்தொடர் தவறாமல் யாராவது ஒரு உறுப்பினர் கேட்கிறார். எல்லாக் கட்சியினரும் கேட்டிருக்கிறார்கள். பதில் எப்போதும் ஒன்றுதான். வேலை கொடுப்பவர் சம்பளத்தில் 8.33 சதவீதம் செலுத்துகிறார். 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு மத்திய அரசு 1.16 சதவீதம் கொடுக்கிறது. இந்த நிதியிலிருந்துதான் எல்லாம் தரவேண்டும். திட்டத்தின் 32ஆம் பத்திப்படி நிதி ஆண்டுதோறும் மதிப்பிடப்படுகிறது. 2019 மார்ச் 31 நிலவரப்படி பற்றாக்குறை இருக்கிறது. இருந்தாலும் பட்ஜெட் ஆதரவுடன் 1,000 ரூபாய் வழங்குகிறோம். இவ்வளவுதான்.

இந்தப் பதிலைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ஆண்டுதோறும் மதிப்பிடுகிறோம் என்கிறார்கள். ஆனால் பல ஆண்டுகள் கழித்து வந்த பதில்களிலும் 2019ஆம் ஆண்டுக் கணக்கையே காட்டினார்கள். அப்படியானால் அதற்கடுத்த ஆண்டுகளின் மதிப்பீடு எங்கே? முடிந்துவிட்டதா, முடியவில்லையா, முடிந்து வெளியிடாமல் இருக்கிறார்களா? பதிலுக்குள்ளேயே அடுத்த கேள்வி உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் விடாமல் துரத்தவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் வேறொரு உறுப்பினர் மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறார். அமைச்சக அதிகாரியும் பழைய பதிலில் தேதியை மாற்றி அனுப்பிவிடுகிறார்.

கேள்வி என்பது பின்வரிசை உறுப்பினருக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த விதிகள்தான், ஆனால் இந்த மடலைப் படிக்கும் வாக்காளர்களுக்கும் தெரியட்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். எது யாருடைய கேள்வி என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. அந்தக் குலுக்கலில் முன்வரிசைக்காரரின் சீட்டும் உங்கள் சீட்டும் ஒன்றுதான். விவாதத்தில் நேரத்தைக் கட்சி பலம் பார்த்துப் பிரிக்கிறார்கள், அதனால் ஒன்றிரண்டு உறுப்பினர் வைத்திருக்கும் கட்சிக்கு மூச்சு விடுகிற நேரம்தான் கிடைக்கும். கேள்வியில் அந்தக் கணக்கு இல்லை. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும் என்கிற நிலைமை. கேள்வி கேட்பதற்குக் கொறடா கிடையாது. ஒரு எம்.பி. தன் பெயரில், தன் சொந்தப் பொறுப்பில் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து வேறில்லை.

சரி, பின்தொடர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வருகிறேன். நம் நாடாளுமன்ற வரலாற்றிலேயே அதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது.

1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனிகள் அவை. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கேட்கவேயில்லை. அந்தக் காலத்து 1.24 கோடி என்பது லட்சக்கணக்கான பாலிசிதாரர்கள் மாதாமாதம் கட்டிய பணம். 1957 செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற பீகார் காங்கிரஸ் உறுப்பினர் மக்களவையில் இதைப் பற்றிக் கேள்வி கேட்டார். ஆளுங்கட்சி உறுப்பினர் என்பதைக் கவனியுங்கள். வந்த பதிலில் பிடி கொடுக்கவில்லை. சரி, பதில் வந்துவிட்டது என்று விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். நவம்பர் கடைசியில் கேள்வி மறுபடியும் அவைக்கு வந்தது. அப்போதும் திருப்தியான பதில் இல்லை. டிசம்பர் 16ஆம் தேதி, அதே பொருளில் அரைமணி நேர விவாதம் நடந்தது. அதில் பேசியவர் ஃபெரோஸ் காந்தி. ரேபரேலி உறுப்பினர், காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன், அமைச்சர் பதவி எதுவும் இல்லாத பின்வரிசைக்காரர்.

என்ன தேதியில் எந்தப் பங்கு வாங்கப்பட்டது, சந்தையில் அன்றைக்கு என்ன விலை, வாங்குவதற்குச் சில நாள் முன்பு விலை எப்படி நகர்ந்தது என்று கணக்கோடு வந்திருந்தார். அமைச்சரின் முந்தைய பதில்களும் அவர் கையில் இருந்தன. பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் 1958 ஜனவரியில் விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அறிக்கை வந்துவிட்டது. நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பிப்ரவரியில் பதவி விலகினார். சென்னையைச் சேர்ந்தவர், நேருவின் அமைச்சரவையில் மிக வலுவான ஒருவர். அவர் தனிப்பட்ட முறையில் எவ்வளவு குற்றவாளி என்பதில் அன்றும் இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் அமைச்சகச் செயலாளர் செய்த காரியத்துக்கும் அமைச்சர்தான் பொறுப்பு என்பதை சாக்ளா அறிக்கை உறுதியாகச் சொன்னது.

இந்தக் கதையைப் பலர் ஃபெரோஸ் காந்தியின் பேச்சுத் திறமைக்காகச் சொல்வார்கள். என் கண்ணுக்குப் படுவது வேறு. செப்டம்பரில் ஒரு கேள்வி, நவம்பரில் மறு கேள்வி, டிசம்பரில் அரைமணி விவாதம். மூன்று படி. முதல் படியை ஒருவர் வைத்தார், மூன்றாவது படியில் இன்னொருவர் ஏறினார். பொறாமை இல்லாமல் ஒருவர் கேள்வியை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போனார். நாற்பது பேர் இருக்கிறீர்கள். பென்ஷன் கேள்விக்கு ஒருவர், அதன் பதிலிலிருந்து பிறக்கும் கேள்விக்கு அடுத்தவர் என்று உங்களுக்குள் பகிர்ந்துகொள்ள என்ன தடை? குலுக்கலில் நாற்பது சீட்டு விழுந்தால் ஏதாவது ஒன்று வரத்தானே செய்யும்.

அந்த அரைமணி விவாதம் இப்போதும் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. மக்களவை விதி 55. அண்மையில் பதில் வந்த எந்தக் கேள்வியானாலும், நட்சத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் பதிலில் உள்ள விவரத்துக்கு மேலும் விளக்கம் தேவை என்றால் மூன்று நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கேட்கலாம். வாக்கெடுப்பு கிடையாது, தீர்மானம் கிடையாது. ஆனால் அமைச்சர் அந்த ஒரு பதிலுக்காக மட்டும் அவையில் நின்று விளக்கம் சொல்லவேண்டும். இவ்வளவு வலுவான ஒரு வழி இன்றைக்கு மிக அபூர்வமாகவே பயன்படுகிறது. அவைத்தலைவர் அனுமதிக்காமல் போகலாம், உண்மைதான். அனுமதி கேட்டு எழுதிய கடிதமாவது பதிவில் இருக்கட்டும். ஒரே பொருளுக்குப் பத்து உறுப்பினர் தொடர்ந்து முன்னறிவிப்புக் கொடுத்தால் அதுவே ஒரு செய்தி.

ஃபெரோஸ் காந்தியைப் பற்றி இன்னொன்று. அவையில் உறுப்பினர் பேசியதை உண்மையாக வெளியிடும் பத்திரிகை மீது வழக்குப் போடக்கூடாது என்று 1956இல் ஒரு சட்டம் வந்தது. அதுவும் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான், அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா. நெருக்கடி நிலையின்போது அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள், 1977இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். இன்று உங்கள் பேச்சை நாங்கள் பயமில்லாமல் பகிர முடிகிறது என்றால் அதற்கு ஒரு பின்வரிசை உறுப்பினர்தான் காரணம்.

கேள்வியை எப்படி அமைப்பது என்பதிலும் நிறைய இருக்கிறது. 2020 செப்டம்பர் கூட்டத்தொடர் நினைவிருக்கும். கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துக் கேள்விகள் மட்டும் இருந்தன. ஊரடங்கில் ஊர் திரும்பும்போது புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தீர்களா என்று மக்களவையில் கேட்டார்கள். அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. நாடே கொதித்தது. அதே வாரத்தில் மாநிலங்களவையில் வேறொரு உறுப்பினர் கேள்வியைச் சுருக்கி, ரயில்வேயிடம் கேட்டார்: புலம்பெயர் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணத்தின்போது எத்தனை பேர் இறந்தார்கள்? இந்தக் கேள்வியிலிருந்து ரயில்வே தப்பமுடியவில்லை. செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் வந்தது. நடந்தே ஊருக்குப் போய் வழியில் விழுந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஆனால் விவரமே இல்லை என்ற பதிலுக்கு எதிரே, அரசின் வாயிலிருந்தே ஒரு எண் வந்தது. யாரிடம் கோப்பு இருக்கிறதோ அவரிடம், அந்தக் கோப்பில் இருப்பதைக் கேட்டதன் பலன் அது.

உங்களில் சிலருடைய கேள்விகள் இப்படி இருப்பதில்லை என்பதை மனவருத்தத்தோடு சொல்கிறேன். "அரசு அறிந்திருக்கிறதா, அறிந்திருந்தால் அதன் விவரம் என்ன, என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?" இந்த மூன்று துண்டும் எந்த விஷயத்துக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த விஷயத்திலும் அமைச்சகத்தை இறுக்கிப் பிடிப்பதில்லை. திட்டங்களின் பெயரையும் தொடங்கிய ஆண்டையும் அடுக்கி இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்துவிடும். 150 சொல்லுக்குள் கேட்கவேண்டும், வாதம் கூடாது, கருத்துக் கேட்கக்கூடாது என்று விதி 41 சொல்கிறது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் தேதி கேட்கலாம், தொகை கேட்கலாம், கடித எண் கேட்கலாம், மாவட்ட வாரியாகக் கேட்கலாம். கேள்விகளின் எண்ணிக்கையை வைத்து உறுப்பினர்களைத் தரவரிசைப்படுத்துவதும் விருது கொடுப்பதும் வந்தபிறகு எண்ணிக்கையின் மீதே கண் போய்விட்டதோ என்று தோன்றுகிறது. ஐந்நூறு கேள்வி கேட்டேன் என்று துண்டறிக்கை அடித்துக் கொடுப்பதைவிட, ஒரே ஒரு விஷயத்தில் ஐந்து கேள்வியைத் தொடர்ந்து கேட்டு ஒரு உண்மையை வெளியே கொண்டுவந்தவரைத்தான் நான் பெரிய உறுப்பினர் என்பேன்.

வாக்குறுதிகள் பற்றிச் சொல்லவேண்டும். இது பலருக்குத் தெரியாத இடம். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்", "இந்த விஷயம் பரிசீலனையில் உள்ளது" என்றெல்லாம் அமைச்சர் சொன்னால் அது தட்டிக்கழிக்கும் பேச்சு என்று நாம் நினைக்கிறோம். நாடாளுமன்றக் கணக்கில் அது ஒரு வாக்குறுதி. அப்படிச் சொன்னதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றவேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்லிக் கூடுதல் காலம் கேட்கவேண்டும். இதைக் கண்காணிப்பதற்கென்றே அரசு வாக்குறுதிகள் குழு 1953 முதல் மக்களவையில் இருக்கிறது. அதிகாரிகளை அழைத்து விசாரிக்கிற அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. தாங்கள் கேட்ட கேள்விகளில் எத்தனை பதில்கள் வாக்குறுதியாகப் பதிவாகியிருக்கின்றன, அவற்றில் எவை நிலுவையில் நிற்கின்றன, எவற்றைக் கைவிட அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு நோட்டு இருக்கிறதா? இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால் அடுத்த வாரமே தொடங்கலாம், பெரிய வேலை இல்லை.

வாக்குறுதி என்ற பேச்சு வந்துவிட்டால் தமிழ்நாட்டுக்காரர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. 1959இல் ஃபிராங்க் அந்தோணி என்ற உறுப்பினர், ஆங்கிலத்தை அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்க்கவேண்டும் என்று மக்களவையில் ஒரு தனிநபர் தீர்மானம் கொண்டுவந்தார். ஆங்கிலோ இந்தியர்களின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவர். தேர்தலில் நின்றவர்கூட இல்லை, பின்னால் ஒரு பெரிய கட்சியும் இல்லை. அந்தத் தீர்மானம் நிறைவேறவில்லை. ஆங்கிலம் இன்றுவரை எட்டாவது அட்டவணையில் இல்லை. ஆனால் அந்த விவாதத்தில் தலையிட்டுத்தான் ஆகஸ்ட் 7ஆம் தேதி நேரு பேசினார். மக்கள் விரும்பும் காலம் வரை ஆங்கிலம் இணை மொழியாகத் தொடரும், அதை முடிவு செய்யும் உரிமையை இந்தி பேசாத மக்களிடமே விட்டுவிடுவேன் என்றார். நம் ஊரில் "நேருவின் உறுதிமொழி" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோமே, அது அங்கே பிறந்தது. 1965இல் மாணவர்கள் தெருவில் இறங்கியபோது அந்த உறுதிமொழியைத்தான் கேட்டார்கள். 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தில் திருத்தம் வந்து அது சட்ட வடிவம் பெற்றது. தோற்றுப்போன ஒரு தனிநபர் தீர்மானம் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. எப்படியும் தோற்கத்தானே போகிறது, எதற்குக் கொண்டுவரவேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தனிநபர் மசோதாவுக்கும் நம்மிடமே சான்று உண்டு. 2015 ஏப்ரல் 24ஆம் தேதி, திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அரசுத் தரப்பில் கேட்டார்கள், அவர் விடவில்லை. 45 ஆண்டுகளில் எந்த அவையிலும் ஒரு தனிநபர் மசோதா நிறைவேறியிருக்கவில்லை. அப்போது அவருடைய கட்சிக்கு மக்களவையில் ஒரு உறுப்பினர்கூட இல்லை. பிறகு அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவில் இருந்த இட ஒதுக்கீடு போன்றவை அதில் இல்லை என்ற வருத்தம் திருநர்களுக்கு இன்றும் இருக்கிறது. அதையும் யாராவது ஒரு பின்வரிசைக்காரர்தான் மறுபடி கையில் எடுக்கவேண்டும்.

கேள்விக்கு மதிப்பு இருப்பதால்தான் அதை விலைக்கு வாங்கவும் ஆள் வந்தார்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 11 உறுப்பினர்களை வெளியேற்றினார்கள். பணம் கொடுத்தாவது ஒரு கேள்வியைக் கேட்கவைக்கலாம் என்று கம்பெனிக்காரன் நினைக்கிறான் என்றால், அதன் பலம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களைப் போன்றவர்களிடம் கொடுக்கப் பணம் இல்லை. விவரம் இருக்கிறது. மூன்று மாதமாக யாருக்குப் பென்ஷன் வரவில்லை, எந்த ஆலை மூடும்போது பி.எஃப். கட்டாமல் போனது, கைரேகை பதியாததால் எந்தப் பாட்டிக்கு வாழ்வுச் சான்று கிடைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தறிக்காரருக்கும் மீனவருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் அவரவர் துறையில் இப்படி விவரம் தெரியும். கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பு தொகுதியில் ஒரு கூட்டம் போட்டு, என்ன கேட்கவேண்டும் என்று கேளுங்கள். மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஆராய்ச்சிக்கு ஆள் வைக்க உங்களுக்கு வசதி குறைவு என்பது தெரியும். நாடாளுமன்ற நூலகத்தின் ஆராய்ச்சிப் பிரிவு உறுப்பினர் கேட்டால் விவரம் எடுத்துத் தரும். எங்களிடமும் கேளுங்கள்.

அப்புறம் மொழி. நீங்கள் வாங்கிய பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இணையதளத்தில் ஏறுகிறது. எங்கள் சங்கத்தில் வரும் பலருக்கு இரண்டும் படிக்க வராது. யாராவது ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பொருள் சொல்லவேண்டியிருக்கிறது. நீங்கள் அவையில் ஆவேசமாகப் பேசிய காணொளியை உங்கள் பக்கத்தில் அன்றைக்கே தமிழில் தலைப்பு வைத்துப் போடுகிறீர்கள். அமைச்சர் தந்த பதிலையும் அப்படியே தமிழில் போடுங்கள். பதில் மோசமாக இருந்தாலும் போடுங்கள். மோசமான பதிலைப் படித்தால்தான் அடுத்து என்ன கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

கேள்வி நேரம் கூச்சலில் கரைந்துபோவது பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்க்கட்சிக்கு வேறு வழியில்லாத நாட்கள் உண்டு, அவையை நிறுத்தித்தான் நாட்டின் கவனத்தைத் திருப்பவேண்டும் என்கிற விஷயங்களும் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 11 மணிக்குத் தொடங்கி 11.05க்கு அவை ஒத்திவைக்கப்படும்போது அமைச்சருக்குத்தான் நிம்மதி. பட்டியலில் இருந்த 20 நட்சத்திரக் கேள்வியும் எழுத்துப் பதிலாகிவிடும், துணைக் கேள்வி என்ற கத்தி அவர் பக்கம் திரும்பாமலே போய்விடும். உங்களில் ஒருவருடைய சீட்டு அன்றைக்குக் குலுக்கலில் வந்திருந்தால் அதற்காகக் கட்சித் தலைமையிடம் வாதாடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கும் முடிவை முன்வரிசை மட்டும் எடுக்க விடாதீர்கள்.

கேட்டுக்கொள்வதோடு நிற்காமல், எங்கள் பென்ஷன் விஷயத்தில் கேட்கவேண்டிய கேள்வியை நாங்களே எழுதியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கொடுத்தாலும் சரி. தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சருக்கு:

(அ) ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995இன் கீழ் மாதம் 1,000 ரூபாயும் அதற்குக் குறைவாகவும் பெறுவோரின் எண்ணிக்கை, மாநில வாரியாகவும், தமிழ்நாட்டில் மண்டல அலுவலக வாரியாகவும். (ஆ) 2019 மார்ச் 31க்குப் பிந்தைய ஒவ்வொரு ஆண்டுக்கும் நிதி மதிப்பீடு முடிக்கப்பட்ட தேதி, அதில் தெரியவந்த உபரி அல்லது பற்றாக்குறைத் தொகை. (இ) குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்துவதால் ஆகும் கூடுதல் செலவை அரசு மதிப்பிட்டுள்ளதா, ஆம் எனில் ஒவ்வொரு அளவுக்கும் ஆண்டுக்கு எவ்வளவு. (ஈ) இது குறித்து நிதி அமைச்சகத்துக்கு அனுப்பிய முன்மொழிவுகளின் தேதிகளும், அவற்றுக்குப் பதில் வந்த தேதிகளும்.

(ஆ) பகுதிக்குப் பழைய தேதியே பதிலாக வந்தால், உங்கள் முதல் துணைக் கேள்வி அதுதான்: ஆண்டுதோறும் மதிப்பிடவேண்டும் என்ற 32ஆம் பத்தி எந்தெந்த ஆண்டுகளில் பின்பற்றப்படவில்லை? தகவல் திரட்டப்படுகிறது என்று வந்தால் வாக்குறுதிகள் குழுவுக்கு எழுதி, மூன்று மாதத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நட்சத்திரம் கிடைக்காமல் எழுத்துப் பதிலாக வந்தால் விதி 55இன் கீழ் முன்னறிவிப்புக் கொடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அந்த மறுப்புக் கடிதத்தை எங்களுக்கு அனுப்புங்கள், பேசுவதை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

அடுத்த கூட்டத்தொடருக்கான அழைப்பு வந்தவுடன் தொழிலாளர் அமைச்சகத்தின் முறை எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். கேள்விக்கு 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும்.

இப்படிக்கு,
கோவை மாவட்டத்து ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி